அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிக்கு வேறு நிறம்: வீட்டிலேயே செய்ய முடியுமா?

பொங்கோல்வாசி:
வணக்கம். அப்பா 1980களில் வாங்கிய ஒரு ஜோடி இங்கிலாந்து ஸ்பீக்கர் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. முழங்கால் உயரம், 8 அங்குல வூஃபர் (அடித்தொனி தரும் பெரிய ஸ்பீக்கர்), ஓசை இன்னும் அருமை. தோபாயோ வீட்டில் அதில் ஒலி 96.8 வானொலி பாடாத காலையே எனக்கு நினைவில்லை. சிக்கல் நிறத்தில்தான். பெட்டி முழுக்கச் சிவப்பு கலந்த பழுப்பு, பழைய கல்யாண மண்டப நாற்காலி இருக்குமே, அந்த நிறம். புது வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் எங்கள் மேசை, அலமாரி எல்லாம் வெளிர் மரம். இரண்டு சவப்பெட்டி மாதிரி நிற்கிறது, நிறத்தை மாற்று, இல்லையென்றால் ஆளை மாற்று என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். பத்துக் காணொளி பார்த்தேன், பத்தும் பத்து விதம். எனக்கு வெளிர் ஓக் நிறம் வேண்டும். கையில் ஒரு துளைபோடும் எந்திரமும் ஒரு ஆர்பிட்டல் சாண்டரும் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் எந்திரம்) இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

உப்புத்தாள்:
சாண்டரிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள், அதை முதலில் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். பெட்டியின் மேல்தோல் என்ன என்று தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பெட்டி பெரும்பாலும் சிப்போர்டு அல்லது எம்டிஎஃப், அதாவது மரத்தூள், நாரை அமுக்கிய பலகை, அதன்மேல் ஒட்டிய வெனீர், அதாவது தாள் போல மெல்லிய மரச் சீவல். விலை குறைந்ததில் வெனீருக்குப் பதில் மரப்படம் அச்சிட்ட வினைல் தாள். வெனீர் என்றால் சாயம் ஏறும், வினைல் என்றால் எத்தனை நாள் தேய்த்தாலும் ஏறாது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மூலைகளைப் பாருங்கள். பக்கத்துப் பலகையிலிருந்து மேல் பலகைக்குத் தாள் மடித்த மாதிரி ஒரே சீராக வளைந்து போனால் வினைல். ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி ரேகை ஓடி, ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் வெனீர். ஒரே ரேகை வடிவம் ஓரடி தள்ளி அப்படியே மறுபடி வந்தாலும் அது அச்சுதான், மரம் தன்னைத் தானே நகல் எடுக்காது. சந்தேகம் இருந்தால் பின்பக்கம் வயர் செருகும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றி, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், எல்லாம் அங்கே அம்மணமாகத் தெரியும்.

நூறுவாட்:
எதற்கு இந்த வேலை? நாற்பது வருடப் பெட்டி, மூல நிறத்தோடு இருப்பதுதான் மதிப்பு. விற்கிற பக்கங்களில் போய்ப் பாருங்கள், யாரோ வெள்ளை பெயின்ட் அடித்த ஜோடி மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும். நல்ல பெட்டிகளில் இடது, வலது இரண்டுக்கும் ஒரே மரத்துண்டில் அடுத்தடுத்துச் சீவிய வெனீரை ஒட்டியிருப்பார்கள். அதை அழித்துவிட்டால் திரும்ப வராது. வீட்டுக்காரியிடம் நல்ல துணி ஒன்று வாங்கிப் போர்த்திக் கொடுங்கள்.

பொங்கோல்வாசி:
அண்ணே, துணி போர்த்தினால் இன்னும் சவப்பெட்டி மாதிரி இருக்கும். நான் விற்கப் போவதும் இல்லை.

கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சிப்போர்டு, மேலே தாள் தடிமனில் நிஜ மரம். ரேகையைப் பார்த்தால் வால்நட் மாதிரி இருக்கிறது. வலது பெட்டியின் கீழ் மூலையில் வெனீர் ஒரு நகம் அளவு தூக்கிக்கொண்டிருக்கிறது. முன்பலகை கறுப்பு, அதைத் தொடும் எண்ணம் இல்லை.

அரக்கி:
வெனீர் என்றால் நல்ல செய்தி. ஆனால் வெளிர் ஓக் ஆசையை இப்போதே மறந்துவிடுங்கள் தம்பி. சாயம் என்பது மரத்தின் நிறத்தோடு இன்னொரு நிறத்தைச் சேர்ப்பது, காப்பியில் பால் ஊற்றுவது போல இல்லை, காப்பியில் இன்னும் டிக்காஷன் ஊற்றுவது போல. வெளிரிலிருந்து கருமைக்குப் போகலாம், கருமையிலிருந்து வெளிருக்குச் சாயத்தால் வர முடியாது. ஆக்சாலிக் அமிலம் போட்டால் வெளுக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது தண்ணீரும் இரும்பும் பட்ட கறுப்புக் கறையைத்தான் எடுக்கும், மரத்தின் சொந்த நிறத்தை எடுக்காது. அதை எடுக்க காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த இரட்டை பிளீச் இருக்கிறது, தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும் சரக்கு. அடுக்குமாடி வீட்டில், அதுவும் இத்தனை மெல்லிய வெனீரில், நான் செய்ய மாட்டேன்.

ஆனால் ஒன்று. உங்கள் பெட்டியின் சிவப்பு மரத்தில் இருக்கிறதா, மேல்பூச்சில் இருக்கிறதா? ஆலையில் பாலிஷிலேயே நிறம் கலந்து அடிப்பது உண்டு. பூச்சை எடுத்தால் வால்நட் உள்ளே கொஞ்சம் சாம்பல் சாய்ந்த பழுப்பாக, நீங்கள் நினைப்பதைவிட வெளுப்பாக இருக்கலாம். வால்நட் வெயில் பட்டால் காலப்போக்கில் வெளுக்கிற மரம் வேறு.

சோதனை செய்து பாருங்கள். அடிப்பலகையில் மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். ஒன்றும் ஆகவில்லையென்றால் லாக்கர் தின்னர் வைத்துப் பாருங்கள், அதற்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் பாலியூரித்தேன் வகை. தண்ணீர்ச் சொட்டு வைத்ததும் உறிஞ்சிக்கொண்டால் வெறும் எண்ணெய்ப் பூச்சு, அதுதான் வேலைக்கு ரொம்பச் சுகம்.

வால்வுக்காரர்:
மரவேலைக்கு முன்னால் மின்வேலை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்பீக்கர் யூனிட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், டேப் ஒட்டி மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். தேய்க்கும் தூசி வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருளின் இடுக்கில் போனால் கரகரப்பு ஜென்மத்துக்கும் போகாது.

கழற்றும்போது திருப்புளி நழுவிக் கோனை, அதாவது ஒலி எழுப்பும் கூம்பைக் குத்துவது இந்த உலகத்தில் தினமும் நடக்கிற விபத்து, காந்தம் இரும்பை இழுக்கும் அல்லவா. ஒரு கையால் திருப்புளித் தண்டைப் பிடித்துக்கொண்டே திருகுங்கள். எந்த வயர் எந்த முனை என்று முதலில் படம் எடுங்கள். பழைய யூனிட்டில் பெரும்பாலும் அகலமான தகடு கூட்டல், ஒடுங்கியது கழித்தல், ஆனாலும் படத்தை நம்புங்கள், நினைவை நம்பாதீர்கள். யூனிட்டைச் சுற்றி நுரை அல்லது புட்டி மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருக்கும், அதைப் பிய்க்காமல் எடுங்கள். சிப்போர்டில் திருகின ஓட்டை தளர்ந்திருந்தால் பல்குச்சியை வெள்ளைப் பசையில் நனைத்துச் சொருகி, காய்ந்ததும் நறுக்கிவிடுங்கள். எந்திரத்தால் திருகாதீர்கள், கையால்தான்.

நுரை வளையம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வூஃபர் விளிம்பு ரப்பரா நுரையா? நுரையென்றால் நம் ஊர் புழுக்கத்துக்கு இவ்வளவு நாள் தாங்கியதே அதிசயம், அழுத்திப் பார்க்காதீர்கள், பொடிந்துவிடும்.

பொங்கோல்வாசி:
ரப்பர்தான் அண்ணே. கழற்றிப் படம் எடுத்து, யூனிட்டுகளைத் துணி சுற்றிப் படுக்கையறை அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு திருகு கோனை ஒரு மயிரிழையில் தப்பியது, நீங்கள் சொன்னது சொன்னபடி.

சோதனையில் ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, தின்னருக்கு உடனே இளகியது. பஞ்சில் சிவப்பு ஏறியது! அப்படியென்றால் சிவப்பு பூச்சில்தானே? வேலையை எங்கே செய்வது என்று சொல்லுங்கள். வெளியே காரிடாரில் செய்யலாம் என்று பார்க்கிறேன்.

அரக்கி:
நைட்ரோ லாக்கர், அப்படியென்றால் தேய்க்கவே வேண்டாம். தின்னர் நனைத்த பனியன் துணியைப் பலகைமேல் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுச் சில நிமிடம் விடுங்கள், இளகியதும் ரேகை ஓடும் திசையில் துடைத்து எடுங்கள், மறுபடி புதுத் துணி. நாலைந்து சுற்று ஆகும், பொறுமை வேண்டும். மீதி சிவப்பு ரேகைப் பள்ளத்தில் நிற்கும், பழைய பல்துலக்கியில் தின்னர் தொட்டுத் தேயுங்கள். தூக்கிய மூலையை அதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். மெல்லிய குச்சியால் வெள்ளைப் பசையை உள்ளே தள்ளி, மேலே பேக்கிங் தாள் வைத்து, ஒரு மரத்துண்டோடு கிளாம்ப் போட்டு ஒரு இரவு.

முகக்கவசம் பற்றி. கோவிட் காலத்து என்95 டப்பா வீட்டில் மீதி இருக்கும், அது தூசிக்குத்தான், தின்னர் ஆவியை நிறுத்தாது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சன்னல் எல்லாம் திறந்து, மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி வைத்து, சமையலறை அடுப்பை அணைத்துவிட்டு.

உப்புத்தாள்:
காரிடார் வேண்டாம் சார். பொது நடைவழியில் தப்பிக்கும் பாதை 1.2 மீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படை விதி, தின்னர் டப்பாவோடு அங்கே உட்கார்ந்தால் நகர மன்றத்துக்கு யாராவது படம் அனுப்புவார்கள், அனுப்பாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் ஆஸ்துமாக்காரர் இருக்கலாம். நான் பால்கனி இல்லாத மூன்றறை வீட்டில் இருந்தபோது, நடுக்கூடத்தில் பழைய கம்பளமும் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுச் செய்தேன். சாண்டர் சத்தம் எழும் வேலை இருந்தால் வார நாளில் பகலில் முடித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம்.

பொங்கோல்வாசி:
இரண்டு வார இறுதி போனது. அரக்கி அக்கா சொன்னபடி இடது பெட்டி அழகாக வந்தது, உள்ளே தேன் கலந்த பழுப்பு, வீட்டுக்காரிக்கே பிடித்துவிட்டது. வலது பெட்டியில் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு திட்டுத் திட்டாக நின்றது. நான்தான் அவசரக்காரன், சாண்டரை எடுத்தேன். 120ஆம் எண் உப்புத்தாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மரம் காணாமல் போய் உள்ளே சிப்போர்டு பல்லை இளிக்கிறது. திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உப்புத்தாள்:
அலமாரிச் சாவியை யாரிடமாவது கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். ஆலை வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆர்பிட்டல் எந்திரம் பலகையின் நடுவில் அடக்கமாக இருக்கும், ஓரத்துக்கு வந்ததும் பாதித் தட்டு காற்றில் தொங்கி மொத்த எடையும் விளிம்பில் விழும், அங்கேதான் தின்னும். வெனீரில் கையால், மரத்துண்டில் சுற்றிய 180, அப்புறம் 220, அதற்குமேல் மென்மையாக 320, ரேகை திசையில் மட்டும். ஓரத்துக்கு ஓர் அங்குலம் முன்பே கையை நிறுத்திவிட வேண்டும்.

நூறுவாட்:
நான் சொன்னதைக் கேட்டிருந்தால் சிவப்பாக இருந்திருக்கும், முழுசாகவும் இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

அரக்கி:
நூறுவாட் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இப்போது அது உதவாது.

மூன்று வழி. ஒன்று, அந்தப் பலகைக்குப் புது வெனீர் ஒட்டுவது. பலகையிலும் வெனீரின் பின்பக்கத்திலும் வெள்ளைப் பசை பூசி, இரண்டும் காய்ந்தபின் சேர்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் மற்ற மூன்று பலகையோடு ரேகையும் நிறமும் பொருந்தவே பொருந்தாது. இரண்டு, ஓட்டையை மட்டும் நிறக்குச்சியால் மறைப்பது, வெளிர் நிறத்தில் அது கட்டுப்போட்ட விரல் மாதிரி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மூன்று, இரண்டு பெட்டியையும் கறுப்பாக்குவது. கறுப்பில் எந்தத் தவறும் மறையும். பெயின்ட் அடிக்கச் சொல்லவில்லை, ரேகை தெரிகிற கறுப்பு. 1974இல் வந்த யமஹா என்எஸ்-1000எம் ஸ்பீக்கரும் கறுப்புப் பெட்டிதான், அதை யாரும் சவப்பெட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை.

இதற்குக் கடைச் சாயம்கூட வேண்டாம், வால்நட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், சோப்பு தடவாதது, அதைக் கழுவிப் பிய்த்து ஒரு போத்தல் வெள்ளை வினிகரில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். மூடியை இறுக்கிவிடாதீர்கள், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், போத்தல் வெடிக்கும். ஒரு வாரத்தில் சாம்பல் நிற நீர் வரும், கோப்பி வடிகட்டும் துணியில் வடித்துக்கொள்ளுங்கள், அந்தத் துணியை மறுபடி கோப்பிக்கு எடுக்காதீர்கள். அந்த இரும்பு நீர் டானினோடு சேர்ந்தால் மரத்துக்குள்ளேயே கறுப்பு பிறக்கும், எழுதும் மசி செய்த பழைய முறையும் இதுதான்.

டானின் இன்னும் கூட்ட, முதலில் கடும் தேத்தண்ணி பூசி உலர விடுங்கள். காப்பிக்கடையில் தே ஓ கோசோங் (பால், சர்க்கரை இல்லாத தேத்தண்ணி) வாங்கினால் போதாது, ஐந்தாறு பை போட்டு நீங்களே கொதிக்க வையுங்கள்.

தேனிசை_தேக்கா:
இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், தேத்தண்ணி வந்ததும் வாய் திறக்க வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை போட்டுவிடாதீர்கள், எறும்புதான் முதல் ரசிகனாக வரும்.

என் அனுபவம் ஒன்று. இரும்பு நீர் பூசிய உடனே சாம்பலாகத்தான் இருக்கும், கெட்டுவிட்டது என்று பதறி இன்னும் ஊற்றாதீர்கள். கால் மணி நேரம் பொறுத்தால் கறுக்கும், மேலே பாலிஷ் ஏறும்போதுதான் முழுக் கறுப்பு. பளிங்குத் தரையில் வேலை செய்யாதீர்கள், வினிகர் பளிங்கை அரிக்கும், வரவேற்பறையில் எனக்கு இன்னும் ஒரு வட்டம் இருக்கிறது, அதன்மேல் பூச்சட்டி வைத்திருக்கிறேன்.

வால்வுக்காரர்:
கம்பி நார் என்று கேட்டதும் எனக்குக் குலை நடுங்குகிறது. அதன் பொடி ஸ்பீக்கர் காந்தத்துக்கு அமிர்தம். அந்த வேலையை யூனிட் இருக்கும் அறையில் செய்யாதீர்கள், யூனிட்டை மாட்டும் முன் பெட்டிக்குள் தூசி உறிஞ்சி விடுங்கள்.

உப்புத்தாள்:
தண்ணீர் பட்டால் ரேகை முடி மாதிரி எழும்பும். அதனால் சாயத்துக்கு முன்பே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் 320இல் லேசாகத் தடவி அந்த முடியை எடுத்துவிட வேண்டும். சாயம் போட்டபின் தேய்த்தால் கறுப்பு கிழிந்து பழுப்பு எட்டிப் பார்க்கும். ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள், பிழிந்த துணி போதும், அடியில் இருப்பது சிப்போர்டு, தண்ணீர் குடித்தால் ஊதும். இரண்டு பெட்டியையும் ஒரே நாளில், ஒரே போத்தல் நீரில் செய்யுங்கள். ஒன்றை இன்று, ஒன்றை அடுத்த வாரம் என்றால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது.

ஜூரோங்_பேஸ்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது வினைல் ஒட்டிய பெட்டி, செர்ரி மர அச்சு, ஓரத்தில் உரிகிறது. எனக்கும் கறுப்பு வேண்டும், இந்த இரும்பு நீர் வேலை செய்யுமா?

உப்புத்தாள்:
செய்யாது, பிளாஸ்டிக்கில் என்ன டானின். முடி உலர்த்தும் எந்திரத்தால் சூடுகாட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் சில பெட்டியில் முழுத் தாளாக வந்துவிடும், அடியில் பசை நின்றால் எடுத்துவிட்டு வெனீர் ஒட்டலாம் அல்லது பெயின்ட். உரியவில்லையென்றால் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தை அப்படியே விட்டு, 320இல் பளபளப்பைக் கொன்று, பிளாஸ்டிக்கில் பிடிக்கும் பிரைமர், அதற்குமேல் பெயின்ட். எம்டிஎஃப் வெட்டு ஓரம் தெரிந்தால் அது பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், முதலில் அரக்கோ தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையோ பூசி அடைக்க வேண்டும். நீங்கள் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஏற்கெனவே ஒரு நோயாளி மேசையில் படுத்திருக்கிறார்.

பொங்கோல்வாசி:
நோயாளி பிழைத்துக்கொண்டார்!

போத்தல் ஒரு வாரம் சேவை அறையில் இருந்தது, மாமியார் அதைத் துணி துவைக்கும் திரவம் என்று நினைத்து எடுத்ததும் நல்லவேளை பார்த்துவிட்டேன். தேத்தண்ணி பூசி, அடுத்த நாள் மத்தியானம் இரும்பு நீர். கண் முன்னாலேயே கறுத்தது, சின்ன வயதில் புகைப்படம் கழுவும் அறையில் தாளில் படம் எழும்புவதைப் பார்த்த மாதிரி. சிப்போர்டு தெரிந்த இடம் மட்டும் மங்கலான சாம்பலாக நின்றது, அங்கே அரக்கில் கறுப்புப் பொடி கலந்து மெல்லிய தூரிகையால் மூன்று தடவை தொட்டேன். எங்கே இருந்தது என்று எனக்கே இப்போது தேட வேண்டியிருக்கிறது. மேல்பூச்சுக்கு என்ன?

அரக்கி:
முதலில் மெழுகு நீக்கிய அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்தது, நீர்த்த கரைசலாக இரண்டு கை. அது எதன்மேலும் ஒட்டும், அதன்மேல் எதுவும் ஒட்டும். யாராவது முன்பு சிலிக்கோன் கலந்த பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தால் மேல்பூச்சு மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும், அரக்கு அதையும் அடக்கும்.

எப்போது பூசுவது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழை இல்லாத மத்தியானத்தில் 60 பக்கம் இறங்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து காற்றின் ஈரத்தை உள்ளே இழுக்கும், மேலே வெள்ளைப் புகை மாதிரி படரும். கறுப்புப் பெட்டியில் அது விபூதி பூசிய மாதிரி பளிச்சென்று தெரியும். மழை நாளில் டப்பாவைத் திறக்காதீர்கள், மத்தியானம் 1 முதல் 4 வரைதான் அரக்கு நேரம். அப்படியே வெள்ளை படர்ந்தாலும் பயப்பட வேண்டாம், காய்ந்த நாளில் ஸ்பிரிட் நனைத்த துணியால் மேலாக ஒருமுறை வருடினால் பெரும்பாலும் போய்விடும்.

அதற்குமேல் மங்கலான பளபளப்பு போதும் என்றால் ஆளிவிதை எண்ணெய் கலந்த டேனிஷ் ஆயில் வேண்டாம், அது வெறும் மரத்துக்கானது. மெழுகு போதும். இல்லையென்றால் நீர்சார்ந்த பாலியூரித்தேன் இரண்டு கை.

தேனிசை_தேக்கா:
எண்ணெய் என்றதும் ஒரு எச்சரிக்கை, இது இந்த வேலைக்குத் தேவையில்லை என்றாலும் யாராவது தேடி வந்து படிப்பார்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும், சுருட்டின துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் சில மணி நேரத்தில் தானே தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம், யாரும் வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தகர டப்பாவில் மூடி வையுங்கள், அல்லது ஒவ்வொன்றாக விரித்து மொறுமொறு என்று காயும்வரை விடுங்கள்.

நூறுவாட்:
ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை. இத்தனை பூச்சு ஏற்றினால் ஓசை மாறாதா? என் நண்பர் ஒருவர் பெட்டிக்கு நிறம் மாற்றியபின் பாஸ் (அடித்தொனி) போய்விட்டது என்று சத்தியம் செய்கிறார்.

வால்வுக்காரர்:
பூச்சு மயிரிழைத் தடிமன், அதற்கும் பாஸுக்கும் சம்பந்தம் இல்லை. பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ பெட்டியின் பலகைக்கு அவ்வளவு கறார் காட்டினார்கள், பிர்ச் பிளைவுட்தான் வேண்டும் என்று. அதே பெட்டி தேக்கு, வால்நட், ரோஸ்வுட் எல்லா வெனீரிலும் விற்றது.

உங்கள் நண்பருக்கு நடந்தது இரண்டில் ஒன்று. யூனிட்டைச் சுற்றிய வளையம் பிய்ந்து காற்று ஒழுகியிருக்கும், மூடிய பெட்டியில் அது பாஸைக் கொல்லும். அல்லது ஒரு பக்க வயரை மாற்றி மாட்டியிருப்பார். இரண்டு வூஃபரும் எதிரெதிராக அசைந்தால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலையும். 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபர் முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கூட்டலைக் கூட்டலில் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர் மட்டும் விதிவிலக்கு, அவர்கள் அந்தக் காலத்தில் தலைகீழாக வைத்திருந்தார்கள், அது உள்ளே போகும். டுவீட்டரில், அதாவது உச்சத்தொனி தரும் சின்ன யூனிட்டில், இந்த விளையாட்டு வேண்டாம்.

நூறுவாட்:
நண்பரிடம் கேட்டேன். வயரை மாற்றிப் போட்டாராம், பாஸ் வந்துவிட்டதாம். என்னிடம் நன்றி சொல்லச் சொன்னார், நான் எதற்கு வாங்கிக்கொள்வது, உங்களுக்கே.

பொங்கோல்வாசி:
முடித்துவிட்டேன். அரக்கு மூன்று கை, இரண்டாவது கை பூசும்போது மூன்றரை மணிக்கு மழை பிடித்துவிட்டது, அக்கா சொன்ன விபூதி வந்தது, மறுநாள் வெயிலில் ஸ்பிரிட் துணியால் வருடினேன், போய்விட்டது. நீர்சார்ந்த பாலியூரித்தேன் இரண்டு கை. பின்பக்க வரிசை எண் ஒட்டுக்காகிதத்தை டேப் ஒட்டிக் காப்பாற்றினேன், நூறுவாட் அண்ணனுக்காக. கவசத்தையும் சேர்த்து மொத்தச் செலவு 90 வெள்ளிக்குள். ஐந்து வார இறுதி.

வீட்டுக்காரி பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? டிவி கறுப்பு, பக்கத்தில் இதுவும் கறுப்பு, இப்போது இருப்பதே தெரியவில்லை, நல்லது என்றாள். பாராட்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அப்பா வந்தார், வலது பெட்டி மேல் ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் வானொலியைப் போடச் சொன்னார்.

உப்புத்தாள்:
வாழ்த்துகள். உடனே ஸ்டாண்டில் வைத்துவிடாதீர்கள். நீர்சார்ந்த பூச்சு தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், முழுதாக இறுக மூன்று நாலு வாரம் எடுக்கும், அதுவரை கனம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோலோடு வரும். ரப்பர் பாதமும் போடாதீர்கள், ரப்பரில் இருக்கும் இளக்கி பூச்சுக்குள் ஏறி நிரந்தரக் கறை வைக்கும். கம்பளித் துண்டு ஒட்டுங்கள்.

பொங்கோல்வாசி:
நேற்றே ரப்பர் பாதத்தில் வைத்துவிட்டேனே அண்ணே. இதோ தூக்கப் போகிறேன்.

உப்புத்தாள்:
மெதுவாக. இழுக்காதீர்கள், நேராக மேலே தூக்குங்கள். ஒட்டியிருந்தால் பல்லிடுக்கு நூலை நடுவில் விட்டு அறுத்து எடுங்கள்.

பொங்கோல்வாசி:
ஒன்று வந்துவிட்டது, ஒரு சின்ன வளையம் மட்டும் அடியில். இன்னொன்றுக்கு நூல் வாங்க மனைவி கீழே போயிருக்கிறாள்.